கரண்டும் காரும் எம்மகளும்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. சாமி படத்தைவிட அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதில் பச்சை விளக்கு நின்று எரிந்தால் கரண்டு இருக்கிறது, கார் மாட்டவில்லை என்று அர்த்தம். பச்சை மூச்சு விடுகிற மாதிரி மங்கி மங்கி எரிந்தால் காருக்குச் சார்ஜ் ஏறுகிறது. சிவப்பு எரிந்தால் அதற்கு ஏதோ பிடிக்கவில்லை. என்ன பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லாது. சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். எதுவுமே எரியவில்லை என்றால் கரண்டு போய்விட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

கார் என்னுடையது இல்லை. எனக்கு ஓட்டவும் தெரியாது. அது என் மகளுடைய கார். ஆனால் அதற்குச் சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று அவளைவிட நான்தான் தவிக்கிறேன். ஏன் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விடும். என்னையும் அனுப்பினார்கள். எட்டாவது படிக்கும்போது பொங்கல் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. ஹாஸ்டலில் மழை பெய்தால் வீட்டுக் கூரை என்ன ஆச்சோ என்று நினைப்பேன், வெயில் அடித்தால் அப்பா காட்டில் மயங்கி விழுந்திருப்பாரோ என்று நினைப்பேன். இப்படி நினைத்துக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி ஏறும்? படிப்பு அதோடு நின்றது. நினைப்பு மட்டும் நிற்கவில்லை.

என் மகள் அப்படி இல்லை, கெட்டி. ஆறாவதில் ஹாஸ்டலுக்குப் போனவள். அப்புறம் ரத்தம் பரிசோதிக்கிற படிப்புக்குச் சேலத்தில் இன்னொரு ஹாஸ்டல். லீவுக்கு வந்துபோகிற விருந்தாளியாகத்தான் அவளை வளர்த்தேன். அவளுக்குச் சுரைக்காய் பிடிக்காது என்பதே எனக்குத் தெரியாது. விருந்தாளி தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டுப் போவாளே தவிர வேண்டாம் என்று சொல்லுவாளா? நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்தபோது, அங்கேயே தங்க ரூமும் கொடுப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு ஹாஸ்டல் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. ஆனால் அவளே சொன்னாள்:

“நான் ஊட்டுல இருந்தே போயிட்டு வாரேன்மா. ஒரு காரு வாங்கிக்கறேன்.”

காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அதற்குள் அவள் அங்கே இருக்கணும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கார் இருந்தால் மகள் வீட்டில், கார் இல்லாவிட்டால் மகள் ரூமில். இவ்வளவுதான் விஷயம். அதனால்தான் அந்தப் பெட்டியை நான் அப்படிப் பார்க்கிறேன்.

வாங்கியது பேட்டரிக் கார். பெட்ரோலுக்குக் கொட்டி அழ முடியாது, வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றாள். எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “செல்போனுக்கு சார்ஜ் போடவே செம்மேடு வரைக்கும் போன நாளெல்லாம் இருக்குது. இனி காரையும் தூக்கிட்டுப் போகணுமாக்கும்” என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், நடக்கப்போவதைக் கிண்டலாகச் சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார். முழித்துக் கிடப்பது நான்.

பெட்டி மாட்ட வந்த எலக்ட்ரீசியன் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, ஒரு குழாயைப் புதைத்தான். எர்த்து குழி, கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்குகிற வழி என்றான். மண் காய்ந்தால் எர்த்து கிடைக்காது, எர்த்து கிடைக்காவிட்டால் சார்ஜர் வேலை செய்யாது, அதனால் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டான். நான் வெயில் காலம், மழைக் காலம் எல்லாம் பார்ப்பதில்லை. மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றுவேன். “மெளகுக் கொடிக்குக் கூட இவ இப்பிடி ஊத்தினது இல்ல. இதுல என்ன காய்க்கப் போவுதோ” என்று எங்கள் வீட்டுக்காரர் தெருவில் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவார்.

எர்த்து குழி பரவாயில்லை. ஊற்றினால் கேட்கும். கரண்டுதான் யார் பேச்சையும் கேட்காது.

மலையில் கரண்டு போவதற்குக் காரணமா வேண்டும்? ஆடிக் காற்றில் சில்வர் ஓக் மரம் கம்பிமேல் சாயும். ஐப்பசியில் இடி இறங்கும். ஒன்றுமில்லாத நாளில் ஒரு குரங்கு கம்பியைப் பிடித்துத் தொங்கும். லைன்மேனையும் குறை சொல்ல முடியாது, பாவம், மழையில் நனைந்துகொண்டு காட்டுக்குள் கம்பியைப் பின்தொடர்ந்து நடக்கிறார். கரண்டு போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது திரும்பி வந்த பிறகு நடக்கிற கூத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் என்னடாவென்றால், கரண்டு வந்தாலும் சார்ஜர் தானாகத் திரும்ப ஆரம்பிக்காது. ஃபோனில் ஒரு பொத்தானை அமுக்கினால்தான் ஆரம்பிக்கும். அதற்கு நெட் வேண்டும். கரண்டு போனால் டவரும் சேர்ந்து படுத்துக்கொள்கிற ஊரில் நெட்டுக்கு எங்கே போவது? சாயங்காலம் போன கரண்டு சாப்பிடுகிற நேரத்துக்கு வந்துவிட்டது என்று நம்பிப் படுப்போம். விடிந்து பார்த்தால் கார் மாட்டின மாதிரியே பட்டினியாக நிற்கும். என் மகள் எதையோ தேடிப் பிடித்து, கரண்டு வந்ததும் தானாகவே ஆரம்பிக்கிற மாதிரி மாற்றி வைத்தாள். அப்பாடா என்றிருந்தேன்.

அடுத்தது எங்கள் வீட்டுக்காரர். கரண்டு போனதும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவது அவர் பழக்கம். அவர் என்றில்லை, இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். கரண்டு திரும்பி வரும்போது ஒரேயடியாகப் பாய்ந்து வரும், ஃபிரிட்ஜ் புகைந்துவிடும் என்று பயம். சரி, இறக்கினவர் ஏற்றணுமா இல்லையா? இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் வெளிச்சம், எங்கள் வீடு மட்டும் இருட்டு. நானும் கரண்டு இன்னும் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பேன்.

“ஏனுங்க, அந்த ஃபிரிட்ஜுக்குள்ள என்ன இருக்குது? அரைச் சட்டி மாவு. அதுக்குக் காவல் காத்துக்கிட்டு எம்மக வண்டியப் பட்டினி போடறீங்களே” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“மாவு புளிச்சா நீதானே என்னைப் புடிச்சுத் திட்டுவ” என்றார்.

இவரிடம் என்னத்தைப் பேசுவது.

மூன்றாவது என் கொழுந்தனார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் அவருடையது. வாழை வைத்திருக்கிறார். மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறார், கரண்டு வந்த நிமிஷம் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அவர் மோட்டார் ஓடினால் எங்கள் வீட்டுப் பல்பு வெள்ளரிப்பழ நிறத்துக்கு வந்துவிடும். வோல்டேஜ் இறங்கினால் சார்ஜருக்குப் பிடிக்காது, சிவப்பு. அவரிடம் போய், வண்டிக்கு ஏறி முடிகிற வரைக்கும் மோட்டாரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டேன். அவர் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணி, உங்க காருக்குத் தாகம் எடுக்கற நேரம் பாத்துத்தான் என்ற வாழைக்கும் தாகம் எடுக்குதுங்க. ரெண்டும் ஒரே நட்சத்திரம் போலிருக்குது.”

இன்வெர்ட்டரில் மாட்டிப் பார்த்தோம். அது கத்திக் கத்தி அணைந்தது. பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாங்கி வந்து ஓட்டினோம். ஊரே எங்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று எட்டிப் பார்த்தது. சார்ஜர் சிவப்பு. ஜெனரேட்டர் கரண்டில் எர்த்து இல்லையாம், அதனால் வாங்கிக்கொள்ளாதாம். பிச்சைச் சோறு வேண்டாம் என்கிற ஜமீன்தார் மாதிரி.

இதற்கெல்லாம் நடுவில் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். வயிறும் வண்டியும் நிறைந்துதான் மலை இறங்கணும் என்று எங்கள் அப்பா சொல்லுவார். அவர் மட்டுமா, இங்கே எல்லோரும் அப்படித்தான். கீழே போகிறவர் பசி இல்லாவிட்டாலும் ஒரு வாய் களி தின்றுவிட்டுத்தான் படியிறங்குவார். பைக்கோ ஜீப்போ, டேங்க் நிறைந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளப்புவார். எழுபது வளைவில் எங்கே நின்றாலும் குரங்கைத் தவிர துணை கிடையாது. அதனால் காரில் பாதிக்குக் கீழே சார்ஜ் இருந்தால் மகளை நான் எடுக்க விடுவதில்லை.

கார் வாங்கின வருஷம் ஆடியில் ஒரு நாள் மரம் விழுந்து கரண்டு போனது. காலையில் பார்த்தால் காரில் நூற்றுக்கு நாற்பது காட்டியது. மகள் பரவாயில்லை போய்விடுவேன் என்றாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். நாற்பதை வைத்துக்கொண்டு போய், திரும்பி எப்படி ஏறுவாய் என்று கேட்டேன். அவள் சாவியை ஆணியில் மாட்டினாள். பஸ்ஸில் போனாள். லேட். வெறும் வயிற்றோடு காத்திருந்த சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்குத் தலை சுற்றிவிட்டதாம். லேப்பில் பெரியவராக இருக்கிற அம்மா சத்தம் போடவில்லையாம். ரூம் காலியாகத்தான் இருக்கிறது, இன்னொரு தடவை இப்படி ஆனால் வந்து தங்கிக்கொள், உனக்கும் அலைச்சல் மிச்சம் என்று மட்டும் சொன்னார்களாம்.

சாயங்காலம் சாப்பிடும்போது மகள் இதைச் சொல்லிவிட்டு, “அவங்க சொல்றதுலயும் தப்பு இல்லம்மா” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தப்பு இல்லை என்கிறாளே.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டுக்காரர் மெயினைத் தொடக் கூடாது என்று சுவிட்சுக்கு முன்னால் நெல் மூட்டையை நகர்த்தி வைத்தேன். கொழுந்தனாரிடம் மறுபடி போய், மகள் மறுபடி ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள் என்று சொன்னேன். மனுஷன் அன்றைக்குக் கிண்டல் பேசவில்லை. சாயங்காலம் ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு, விடிந்ததும் போட்டுக்கொள்கிறேன் என்றார். எர்த்து குழிக்கு இரண்டு குடமாக ஊற்றினேன். இவ்வளவு செய்தும் சார்ஜ் எண்பதில் நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று மகளை அரித்தேன். எண்பது போதும், கம்பெனியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். போதுமென்று யார் சொல்வது? சுவரில் இருக்கிற பெட்டிக்கு எங்கள் மலையைப் பற்றி என்ன தெரியும்? தினமும் கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன், பல் விளக்கும்போது கேட்டேன். ஒரு நாள் அவளுக்கே சலித்துப்போய் ஃபோனை எடுத்து எதையோ இழுத்துவிட்டு, “இந்தா, நூறு. இப்ப நிம்மதியா?” என்றாள்.

அதற்கப்புறமும் நூறு ஆகவில்லை. ஒரு நாள் கரண்டு போகும், ஒரு நாள் கொழுந்தனார் மோட்டாரை அணைக்க மறந்து வோல்டேஜ் இறங்கும். எழுபது, அறுபத்தைந்து என்று நிற்கும். கடைசியில் புரட்டாசி ஆரம்பத்தில் ஒரு நாள், எல்லாக் கிரகமும் நேர்ப்பட்டதோ என்னவோ, கரண்டு கண் சிமிட்டாமல் இருந்தது. விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். காருக்குள் நூறு என்று காட்டியது. கோயிலில் கற்பூரம் பார்த்த மாதிரி கும்பிட்டேன்.

அன்றைக்கு எனக்கும் கண்ணாடி மாற்ற நாமக்கல் போகணும். மகளோடு காரில் ஏறினேன். இரண்டு பேரும் ஒரு வாய் களி தின்றோம். வயிறும் நிறைவு, வண்டியும் நிறைவு.

இந்தக் காரில் ஏற்கனவே போயிருக்கிறேன். இறக்கத்தில் மகள் காலை எடுத்தால், பின்னால் யாரோ புடவையைப் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி தானாக மெதுவாகும். அது எனக்குப் பிடிக்கும், தைரியமாக இருக்கும். அன்றைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. முதல் சில வளைவிலேயே வண்டி கோலிக்குண்டு மாதிரி உருண்டது. மகள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தாள். மிதித்து, திருப்பி, மறுபடி மிதித்து. பாதி மலை இறங்கியிருக்க மாட்டோம், வண்டிக்குள் கருகல் வாடை வந்தது. அடுப்பில் துணி பட்டால் வருமே, அந்த வாடை.

ஒரு வளைவில் கொஞ்சம் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது. குரங்குகள் வந்து, திங்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றி உட்கார்ந்துகொண்டன. மகள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“நூறும்மா. நூறு இருக்கறதுதான் கோளாறு.”

“நூறு இருந்தா நல்லதுதானே கண்ணு?”

“எறங்கறப்ப இந்த வண்டி வெறும் பிரேக்குல மட்டும் நிக்கறது இல்ல. சக்கரம் சுத்தறதையே கரண்டாக்கிப் பேட்டரிக்குள்ள போட்டுக்கும். அதுதான் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கறது. இன்னைக்குப் பேட்டரி நெறஞ்சு கெடக்குது. நெறஞ்ச கொடத்துல எங்க ஊத்தறது?”

“அப்பறம் இத்தன நாளு எப்பிடிப் போன?”

“இத்தன நாளு நூறு ஆகவே இல்லையேம்மா. மொதல்ல எம்பதோட நின்னுரும், அப்பறம் ஒண்ணு கரண்டு போயிருக்கும், இல்லாட்டி சித்தப்பா மோட்டாரு ஓடியிருக்கும்.”

நான் அந்த வளைவுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். இத்தனை நாளாக எந்தக் கரண்டு போகக் கூடாது என்று நேர்ந்துகொண்டேனோ, அது போய்ப் போய்த்தான் என் பிள்ளையைப் பத்திரமாக இறக்கியிருக்கிறது. கொழுந்தனார் மோட்டார் காப்பாற்றியிருக்கிறது. கம்பியில் தொங்கிய குரங்கு காப்பாற்றியிருக்கிறது. நான் மட்டும்தான் மூட்டையை நகர்த்தி, தண்ணீர் ஊற்றி, நச்சரித்து, அவளைக் கொண்டுவந்து இந்த வளைவில் நிறுத்தியிருக்கிறேன். குறைந்தாலும் தொல்லை, நிறைந்தாலும் தொல்லை என்றால் ஒரு மனுஷி எப்படித்தான் கவலைப்படுவது?

சக்கரம் ஆறினதும் நடக்கிற வேகத்தில் இறங்கினோம். ஒவ்வொரு அகலமான இடத்திலும் நின்று நின்று காரவள்ளி வந்து சேர்ந்தோம். அங்கிருந்து சேந்தமங்கலம் வந்ததும் பாய் கடையில் நிறுத்தச் சொன்னேன். அந்தப் பாய் எங்கள் மிளகை வாங்குகிற வியாபாரி. அவர் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு மிளகு அவர்கள் குடோனுக்குத்தான் போகிறது. என் முகத்தைப் பார்த்ததும் சேர் எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னோம்.

“அப்படின்னா தங்கச்சி, மேல இருந்து காலியா வந்தாக்கூட மலையே சார்ஜ் போட்டு அனுப்புதா? நாங்க கீழ இருந்துக்கிட்டு மாசாமாசம் பில்லு கட்டிக்கிட்டு இருக்கோம்” என்றார்.

அவர் சிரிப்புக்குத்தான் சொன்னார். மகள் சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த குடோனை எட்டிப் பார்த்தாள். அங்கே பெரிய பிளக் இருக்கிறதா, கரண்டு அடிக்கடி போகுமா என்று கேட்டாள். எப்போதாவதுதான் போகும் என்றார் பாய். காலையில் காரை இங்கே விட்டுச் சார்ஜில் போட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் நாமக்கல் போய்விட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு மலை ஏறட்டுமா என்று கேட்டாள். தாராளமா நிறுத்து கண்ணு, கரண்டுக் கணக்கெல்லாம் மிளகு போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது முழு வழியும் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். பயத்தில் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். பயம்தான், ஆனால் கார்மேல் இல்லை. சார்ஜர் வீட்டில் இருந்தால் வீட்டுக்கு வந்தாகணும். கார் கீழே சார்ஜ் ஆக ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் காரோடு இவளும் கீழேயே இருந்துவிடுவாளோ என்று பயம். இதை வாயைத் திறந்து எப்படிச் சொல்வது?

மகள் குடோன் பேச்சை விட்டுவிட்டு, வீட்டுச் சார்ஜரையே மறுபடி எண்பதில் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் தினமும் அடிவாரம் சேர்ந்ததும் ஃபோன் செய்து, மேலே எவ்வளவு இருந்தது, கீழே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுவாள். ஐம்பதில் கிளம்பினால் ஐம்பத்திரண்டு. எழுபதில் கிளம்பினால் எழுபத்திமூன்று. இறங்கும்போது குறைவதே இல்லை, ஏறும்போதுதான் குடிக்கிறது. நான் உம் கொட்டிக்கொண்டு கேட்பேன். நம்பினேன் என்றும் சொல்ல மாட்டேன், நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஃபோனை வைத்ததும் போய் எர்த்து குழிக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

ஐப்பசி வந்தது. அந்த வருஷ மழையைச் சொல்ல வேண்டியதில்லை. கம்பங்களே சாய்ந்துவிட்டன. கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காரை மாட்டியே வைத்திருந்தோம். சுவரில் பெட்டி செத்துப்போய்க் கிடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் மகள் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். சோப்பு, சீப்பு, சுடிதார். ஹாஸ்டலுக்குப் போன காலத்தில் இருந்த அதே நிதானம், அதே மடிப்பு. அவள் பை கட்டுவதைப் பார்த்தே நான் பாதி ஆயுசைக் கழித்திருக்கிறேன்.

எங்கே என்று கேட்டேன். கரண்டு வருகிற வரைக்கும் ரூமில் இருக்கிறேன், லேப் அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றாள். கரண்டு வருகிற வரைக்கும் என்றால் எதுவரைக்கும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரும் அன்றைக்கு ஒரு கிண்டலும் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விடிந்தது. மழை விட்டிருந்தது. மகள் பையைப் பின் சீட்டில் போட்டாள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் காரில் போய், காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் இறங்குவதாக ஏற்பாடு. நான் போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு என்று காட்டியது. நாற்பதுக்கே வாசலை மறித்தவள் நான். இருபத்திரண்டு.

என் அப்பா சொன்னது ஒரு பக்கம். அந்த வளைவில் வந்த கருகல் வாடை ஒரு பக்கம். பின் சீட்டில் அந்தப் பை. நான் கதவைத் திறந்து பையை எடுத்துத் திண்ணென்று என் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

“பை இங்க இருக்கட்டும். வண்டிய எடுத்துக்கிட்டு நேரா எறங்கு. பாய் குடோன்ல சார்ஜுல போட்டுட்டு வேலைக்குப் போ. சாயங்காலம் ஊட்டுக்கு வந்துரு சாமி.”

“இருவத்திரெண்டுதாம்மா இருக்குது.”

“அதான் மலை குடுக்குமின்னு நீதானே தெனமும் ஃபோன் பண்ணிச் சொன்ன. குடுக்கட்டும், பாக்கலாம்.”

பின்னாலிருந்து எங்கள் வீட்டுக்காரர், “சீக்கிரம் கெளம்பு கண்ணு. உங்கம்மா மனசுக்கு எப்ப வேணாலும் கரண்டு போயிரும்” என்றார். மகள் பை கட்டின பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல். எனக்கு உயிர் வந்தது.

ஒரு வாய் களி தின்ன வைத்துத்தான் அனுப்பினேன். வண்டி நிறையாவிட்டால் போகிறது, வயிறாவது நிறையட்டும்.

அடிவாரத்தில் டவர் கிடைத்தது. எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. செம்மேட்டுக்குப் போன கொழுந்தனார்தான் சேதி கொண்டுவந்தார்: “அண்ணி, கீழ போய்ச் சேந்தப்ப இருவத்தி நாலாம்.” இரண்டு கூடியிருக்கிறது. அந்த இரண்டை நான் அன்றைக்குப் பகல் முழுவதும் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரிக் காரில் இன்னொரு சனியன், சத்தமே வராது. பஸ்ஸென்றால் எங்கேயோ வளைவு ஏறும்போதே உறுமல் கேட்கும். இது வாசலுக்கு வருகிற வரைக்கும் வருகிறதா இல்லையா என்றே தெரியாது. பொழுது சாய்ந்து, கரண்டு இல்லாத ஊரில் வெளிச்சத்துக்காகப் பார்த்துக்கொண்டே நின்றேன். மிளகுக் கொடி ஏறின மரங்களுக்கு நடுவில் இரண்டு விளக்கு தெரிந்தது. எனக்காகத்தான் போல, திருப்பத்தில் ஒரு ஹார்ன் அடித்தாள். பையிலிருந்த துணியை நான் மத்தியானமே எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்புறம் கம்பங்களை நிமிர்த்திக் கரண்டு வந்தது. இப்போதும் போகிறது, வருகிறது. வீட்டுச் சார்ஜர் லீவு நாளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. மற்ற நாளில் கார் பாய் குடோனில்தான் சார்ஜ் ஆகிறது. லேப்பில் அந்த அம்மா ரூம் பேச்சை எடுப்பதில்லை. எங்கள் வீட்டுக்காரர் நெல் மூட்டையை நகர்த்திவிட்டு மறுபடி மெயினை இறக்க ஆரம்பித்துவிட்டார். கொழுந்தனார் வாழைக்கு எந்நேரமும் தண்ணீர் ஓடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. என்னைத் தவிர.

குடோன் என்றால் எலி இருக்கும். எலி இருந்தால் வயரைக் கடிக்கும். சார்ஜர் வயரைக் கடித்தால் கார் நிற்கும், கார் நின்றால் மகள் கீழே தங்குவாள். இதை யாராவது யோசித்தார்களா? மகளிடம் சொன்னேன், சிரித்தாள். பாயிடம் ஃபோனில் சொன்னேன், “மெளகு மூட்டைய எலி தொடாது தங்கச்சி” என்றார். மிளகைத் தொடாது சரி, வயரில் என்ன மிளகா தடவியிருக்கிறது?

எங்கள் பூனை அப்போது குட்டி போட்டிருந்தது. அதில் கொஞ்சம் கெட்டியான ஒன்றைப் பார்த்து, அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மகளோடு காரில் அனுப்பினேன். போகும் வழியெல்லாம் கத்தியதாம். பாய் வாங்கிக்கொண்டு, சார்ஜருக்குக் காவலா என்று கேட்டுச் சிரித்தாராம். முதல் இரண்டு மூன்று நாள் பால்கூடக் குடிக்காமல் கார் வந்து நின்றால் மட்டும் ஓடிவந்து பானட்டில் படுத்துக்கொண்டதாம். அதைக் கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிடு என்றேன். பழகிவிடும்மா என்றாள் மகள். ஆறாவதில் போனவளாயிற்றே, அவளுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டிலிருந்து கடைசியில் கீழே ஹாஸ்டலுக்குப் போனது அந்தப் பூனைக்குட்டிதான்.